நஞ்சை விற்பவர் மாளிகையில், சுமப்பவர் தூக்குமரத்தில்!

மயக்கந் தரும் பொருள்கள் மாந்தனுக்குப் புதியன அல்ல. கள்ளும் கஞ்சாவும் அபினியும் பழங்காலந்தொட்டே அவனோடு வருகின்றன. ஆயின், அம் மயக்கத்தைப் பெருவணிகமாக்கி, அவ் வணிகத்திற்கெனப் படை திரட்டி, நாட்டெல்லைகளைத் துளைத்து, அரசுகளையே விலைக்கு வாங்கும் கொடுமை, கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் வளர்ந்ததாகும். அக் கொடுமையை ஒழிப்பதாகச் சொல்லி வல்லரசுகள் அரைநூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் போரோ, ஒழிக்க வேண்டியவரை விட்டுவிட்டு, காக்க வேண்டியவரையே அழித்துவருகின்றது. நஞ்சால் சாகின்றவர் ஏழையர். நஞ்சைச் சுமந்து தூக்கிலேறுகின்றவர் ஏழையர். நஞ்சின் வருவாயில் கொழுக்கின்றவர் மட்டும் எக்காலத்தும் வேறாக இருக்கின்றனர். இவ் வேறுபாட்டை உணராமல் பேசப்படும் எந்த மயக்கப்பொருள் கொள்கையும் வெற்றுப் பேச்சேயாகும்.

மயக்கப்பொருள் வணிகன் என்றவுடன், முகத்தை மறைத்து இருளில் படகேறும் கொள்ளையனே பலர்க்கும் நினைவுக்கு வருகின்றான். உண்மை அதுவன்று. உலகின் முதற்பெரும் மயக்கப்பொருள் வணிகன், அரசின் பட்டயம் பெற்று, கொடியும் படையும் வைத்திருந்த கிழக்கிந்தியக் கும்பணியே ஆவான். 1773ஆம் ஆண்டில் வங்காளத்து அபினி வணிகத்தை அக் கும்பணி தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. பீகாரத்து உழவர் நெல் விளைய வேண்டிய நிலத்தில் கசகசாச் செடி பயிரிட்டனர். பாட்னாவிலும் காசிப்பூரிலும் அபினி ஆலைகள் எழுந்தன. சீனத்துத் தேயிலைக்கு வெள்ளியை அள்ளிக் கொடுக்க மனமில்லாத ஆங்கிலேயர், அதற்கு மாற்றாகச் சீனர்க்கு அபினியைக் கொடுத்தனர். சீனம் அதனைத் தடைசெய்திருந்தது. ஆகவே, கும்பணி கல்கத்தாவில் அபினியை ஏலத்தில் விற்றுக் கைகழுவிக் கொள்ளும். அதனை வாங்கிய தனிவணிகர் சீனக் கரையில் கள்ளத்தனமாக இறக்குவர். தானே விளைவித்து, தானே விற்று, 'கடத்தியவன் நானல்லேன்' என்று சொல்லும் கலையை இற்றைநாள் கொள்ளையர் எவரிடமிருந்து கற்றனர் என்பது இப்பொழுது விளங்கும்!

1839ஆம் ஆண்டு சூன் திங்களில், லின் என்னும் சீனப் பேராளர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். தன் மக்களை நஞ்சினின்று காத்த அச் செயலுக்குப் பரிசாகச் சீனத்தின்மேல் போர் தொடுக்கப்பட்டது. அப் போரைக் கண்டித்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே குரல் எழுந்தும், 1840இல் ஒன்பதே வாக்கு வேறுபாட்டில் அக் கண்டனம் தோற்றது. 1842இல் ஆங்காங்குத் தீவையும் இரண்டு கோடியே பத்திலக்கம் வெள்ளியையும் கொடுத்துச் சீனம் பணிந்தது. இரண்டாம் போரின்போது, 1858இல், அபினி வணிகம் அங்குச் சட்டப்படியே திறந்து விடப்பட்டது. நஞ்சைத் தடுத்தவன் குற்றவாளியாகவும் விற்றவன் வெற்றியாளனாகவும் ஆன அவ் வரலாறு, இன்று பிறிதொரு நிலத்தில் பிறிதொரு வடிவில் நடந்துகொண்டிருக்கின்றது. அந் நிலம் மெக்சிகோ.

1971ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன், மயக்கப்பொருளே நாட்டின் முதற்பகை என்று அறிவித்தார். அன்று தொடங்கிய 'போர்' அமெரிக்க மக்களின் பழக்கத்தைக் குறைக்கவில்லை. கடத்துவோரின் வழியை மட்டும் மாற்றியது. நீர் நிறைந்த தோற்பையை ஓரிடத்தில் அழுத்தினால் மற்றோரிடத்தில் புடைக்கும். 1980களில் கரிபியக் கடல்வழி காவலால் இறுகியபொழுது, கொலம்பிய நாட்டுக் கோக்கைன் மெக்சிகோ நிலவழியே பாய்ந்தது. கொலம்பியக் கொள்ளைத் தலைவன் எசுகோபார் 1993 திசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டான். வணிகம் செத்ததா? இல்லை. மெக்சிகோக் கூட்டங்கள் வெறும் சுமைகாரர் என்னும் நிலையினின்று முதலாளிகள் என்னும் நிலைக்கு உயர்ந்தன. கொலம்பியாவிலேனும் அச் செடி ஒழிந்ததா? 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் துணையோடு பெரும் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபொழுது, அந் நாட்டில் ஏறத்தாழ 1,63,000 எக்தேர் நிலத்தில் கோக்காச் செடி விளைந்தது. வானூர்தியால் நஞ்சு தெளித்தும், பலநூறு கோடி தாலர் செலவிட்டும், 2023இல் அப் பரப்பு 2,53,000 எக்தேராகப் பெருகிற்று. இது பன்னாட்டு மன்றத்தின் கணக்கு.

2006ஆம் ஆண்டு திசம்பரில் மெக்சிகோவின் குடியரசுத் தலைவரான கால்தெரோன், பதவியேற்ற சின்னாட்களிலேயே மிச்சோவாக்கான் மாநிலத்திற்கு ஆயிரக்கணக்கான படைவீரரை விடுத்தார். காவல்துறையால் ஆகாததைப் படைத்துறை முடிக்கும் என்று எண்ணினார். முடிந்தது என்ன? அன்றுதொட்டு அந் நாட்டில் கொலையுண்டோர் நான்கிலக்கத்துக்கும் மேலாவர். காணாமற் போனோரின் அரசுப் பட்டியல் 2022 மே திங்களில் ஓரிலக்கத்தைக் கடந்தது. ஒரு கூட்டத்தின் தலைவனைப் பிடித்தால் அக் கூட்டம் நான்காக உடைந்து, நான்கும் தமக்குள் பொருதன. அவற்றுள் மிகக் கொடியதாகிய 'சேத்தா' கூட்டம், மெக்சிகோவின் சிறப்புப் படையினின்று ஓடிப்போனவர்களால் உருவாக்கப்பட்டது. கொள்ளையரை அழிக்கப் பயிற்றப்பட்ட கைகளே கொள்ளையர்க்குப் படையாயின. 2010 ஆகத்துத் திங்களில் பிழைப்புத் தேடி வடக்கு நோக்கி நடந்த 72 ஏழையரை அவர்கள் தமௌலிபாசு மாநிலத்தில் கொன்று குவித்தனர்.

2014ஆம் ஆண்டு செப்தம்பர் 26ஆம் நாள் இரவு, குவெரெரோ மாநிலத்தில், ஆசிரியப் பயிற்சி மாணவர் 43 பேர் மறைந்தனர். அவர்களைப் பிடித்துக் கொள்ளையரிடம் ஒப்படைத்தவர்கள் சீருடை அணிந்த காவலரே. 2017 மே திங்களில், கொள்ளையரின் செயல்களை அஞ்சாது எழுதிவந்த சாவியர் வால்தெசு என்னும் இதழாளர், தம் அலுவலகத்தின் அருகிலேயே நடுப்பகலில் சுட்டு வீழ்த்தப்பட்டார். 2019 அக்தோபரில், குலியாக்கான் நகரில் பிடிபட்ட ஒரு கொள்ளைத் தலைவனின் மகனை, நகர் முழுதும் கொள்ளையர் படை சூழ்ந்துகொண்டதால், அரசே விடுவித்து அனுப்பியது. அரசு என்னும் பெயர் யாருக்கு உரியது என்று அந் நகர மக்கள் அன்று கண்கூடாகக் கண்டனர்.

இவை அனைத்தினும் நெஞ்சை அறுப்பது அந் நாட்டுத் தாய்மாரின் நிலையாகும். மறைந்துபோன மக்களைத் தேடி, அரசு தேடாத நிலத்தில், அவர்கள் தாமே கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர். கூரிய இருப்புக் கோலை மண்ணில் ஆழ அடித்துப் பிடுங்கி, அதன் நுனியை முகர்ந்து பார்க்கின்றனர். அழுகல் நாற்றம் வீசின் அவ்விடத்தைத் தோண்டுகின்றனர். வேராக்குரூசு மாநிலத்தில் இவ்வாறு அடையாளங் காணப்பட்ட ஒரே காட்டிடத்தில், 2017க்குள் 250க்கும் மேற்பட்ட மண்டை ஓடுகள் வெளிப்பட்டன. பெற்ற மகனின் எலும்பேனும் கிடைக்காதா என்று மண்ணை முகரும் ஒரு தாயின் முன்னர், எந்த வல்லரசின் எந்த வெற்றிப் பறை நாணாமல் ஒலிக்கும்?

இனி, இப் போரின் மறுபக்கத்தைக் காண வேண்டும். மெக்சிகோக் கொள்ளையரின் கையிலுள்ள சுடுகலன்கள் எங்கிருந்து வந்தன? அந் நாட்டில் பொதுமக்கள் சட்டப்படி சுடுகலன் வாங்கும் கடைகளை ஒருகை விரலுக்குள் எண்ணிவிடலாம். அவையும் படைத்துறையினர் நடத்துவனவே. ஆயினும், 2014 முதல் 2018 வரை அங்குக் கைப்பற்றப்பட்டு, பிறப்பிடம் ஆராயப்பட்ட சுடுகலன்களுள் நூற்றுக்கு எழுபது, அமெரிக்காவினின்று வந்தவை என்று அமெரிக்க அரசின் தணிக்கைத் துறையே கூறியது. அவற்றைச் செய்த நிறுமங்களின்மேல் மெக்சிகோ அரசு 2021இல் தொடுத்த வழக்கை, அமெரிக்க உச்சமன்றம் 2025 சூன் திங்களில் ஒருமனதாகத் தள்ளியது. நஞ்சு தெற்கிலிருந்து வடக்கே போகின்றது. அந் நஞ்சிற்குக் காவலிருக்கும் இரும்பு வடக்கிலிருந்து தெற்கே வருகின்றது. முன்னது குற்றம், பின்னது வணிகம்!

பணம் எங்கே போயிற்று? மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் ஈட்டப்பட்ட நச்சுப் பணத்துள் 88 கோடி தாலருக்கும் மேற்பட்ட தொகை, எச்.எசு.பி.சி. என்னும் உலகப் பெருவைப்பகத்தின் வழியே வெளுக்கப்பட்டது. அவ் வைப்பகத்துப் பணப்பலகணியின் அளவுக்குப் பொருந்துமாறு பெட்டிகளைச் செய்துகொண்டு, கொள்ளையர் பணக்கட்டுகளைத் தள்ளினர் என்பது அமெரிக்க அரசே வெளியிட்ட செய்தி. 2012 திசம்பரில் அவ் வைப்பகம் ஏறத்தாழ 190 கோடி தாலர் கட்டித் தப்பியது. அதன் உயரலுவலருள் ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை. இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ் வைப்பகம் 1865இல் ஆங்காங்கில் தோன்றியது. அபினிப் போரின் பரிசாகப் பறிக்கப்பட்ட அதே ஆங்காங்கில்! தெருவோரத்தில் ஐந்து கிராம் 'கிராக்கு' வைத்திருந்த கறுப்பின இளைஞனுக்கோ, 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை விதித்தது. அதே ஒறுப்பை வெள்ளையர் பெரிதும் நுகர்ந்த கோக்கைன் பொடிக்குப் பெற வேண்டுமாயின், ஐந்நூறு கிராம் வைத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு நூறு என்னும் இக் கயமை, 2010இல் ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைந்ததேயன்றி மறையவில்லை.

காவலரும் அரசினரும் கையூட்டில் மூழ்கியதற்குச் சான்று வேண்டுமா? கால்தெரோன் ஆட்சியில் பொதுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்து கொள்ளையர் ஒழிப்பை நடத்திய கார்சியா லூனா, சினலோவாக் கொள்ளைக் கூட்டத்திடம் கையூட்டுப் பெற்றார் என்று 2023 பிப்பிரவரியில் நியூயார்க்கு வழக்குமன்றம் முடிவு செய்தது. 2024 அக்தோபரில் அவர்க்கு 38 ஆண்டுகட்கும் மேற்பட்ட சிறை விதிக்கப்பட்டது. வேட்டை நாயும் நரியும் ஒரே தட்டில் உண்டதைக் கண்டபின்னரும், வேட்டையால் நரி ஒழியும் என்று நம்புவோர் நம்பலாம்.

அமெரிக்க மக்களையேனும் இப் போர் காத்ததா? 2021, 2022, 2023 ஆகிய மூன்றாண்டுகளிலும், ஆண்டுதோறும் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்டோர் அங்கு மயக்கப்பொருளை மிகையாக உட்கொண்டு மாண்டனர். 2024இல் அவ்வெண் ஏறத்தாழ எண்பதாயிரமாகக் குறைந்தமை ஓர் ஆறுதலே. அவருட் பெரும்பாலோரைக் கொன்றது பெந்தனில் என்னும் செயற்கை நஞ்சு. அதனை விளைவிக்க நிலம் வேண்டா, மழை வேண்டா, உழவன் வேண்டா. சில வேதிப்பொருள்களும் ஒரு சிற்றறையும் போதும். இரண்டு மில்லிகிராமே ஓர் உயிரைப் போக்கிவிடும். இந் நோவின் தொடக்கமோ கொள்ளையர் குகையன்று. மருத்துவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டு. 1996இல் பர்டியூ என்னும் மருந்து நிறுமம் ஆக்சிகாண்டின் என்னும் வலிநீக்கியை விற்கத் தொடங்கியது. அதன் அடிமைப்படுத்தும் ஆற்றலைக் குறைத்துக் காட்டிப் பொய்யாக விற்றதாக 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டியது; 2020இல் மீண்டும் குற்றங்களை ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அடிமையானோர், மாத்திரை கிடைக்காதபொழுது எரோயினுக்கும், பின்னர்ப் பெந்தனிலுக்கும் இறங்கினர். மெக்சிகோக் கொள்ளையன் அச் சந்தையை உண்டாக்கவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தோர் உண்டாக்கி வைத்த சந்தைக்குள் அவன் நுழைந்தான்.

இந் நிலையில் உலகம் முழுதும் மயக்கப்பொருள் கொள்கை பற்றி மூவகைக் கருத்துகள் மோதுகின்றன.

முதற் கருத்து, இன்னும் கடுமையாக ஒறுக்க வேண்டும் என்பது. பிலிப்பைன்சு நாட்டில் துதெர்த்தே 2016இல் இவ்வாறே தொடங்கினார். அரசுக் கணக்கின்படியே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் நகர்ப்புறச் சேரிகளின் ஏழையர். 2025 மார்ச்சில் அவரே அனைத்துலகக் குற்றமன்றத்தின் ஆணையால் பிடிக்கப்பட்டு ஏகு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 2025 செப்தம்பர் முதல், கரிபியக் கடலில் மயக்கப்பொருள் சுமப்பன என்று சொல்லப்பட்ட படகுகளை, உசாவலும் சான்றும் தீர்ப்பும் இன்றி, ஆட்களோடு எரிக்கும் முறையை அமெரிக்கப்படை மேற்கொண்டது. ஆப்கானித்தானில் தாலிபானியர் 2022 ஏப்பிரலில் கசகசாப் பயிரைத் தடைசெய்தனர். 2023இல் அப் பயிர் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறைந்தது. ஆனால், மாற்றுப் பிழைப்பின்றி உழவர் வறுமையில் வீழ்ந்தனர். அதே ஆண்டில் அபினி விளைவில் மியன்மா முதலிடத்திற்கு வந்தது. தோற்பை மீண்டும் புடைத்தது!

இரண்டாங் கருத்து, தடையை முற்றும் நீக்கிப் பிற வணிகம்போல் ஆக்கிவிடலாம் என்பது. தடை இருப்பதால்தான் விலை ஏறுகின்றது. விலை ஏறுவதால்தான் கொள்ளையன் பிறக்கின்றான் என்பது இவர்தம் ஏரணம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், பெருநிறுமங்களின் கையில் கட்டற்று விடப்படும் மயக்கம் என்ன செய்யும் என்பதைப் பர்டியூவின் வரலாறு காட்டிவிட்டது. கொள்ளையனின் கையினின்று பறித்த நஞ்சை முதலாளியின் கையில் கொடுப்பது, பாம்பின் வாயினின்று எடுத்த தவளையைப் பருந்தின் வாயில் இடுவது போன்றதே.

மூன்றாங் கருத்து, அடிமைப்பட்டவனை நோயனாகவும், அவனை வைத்துப் பிழைப்பவனைக் குற்றவாளியாகவும் பிரித்துக் காண்பது. போர்த்துக்கல் நாடு 2001 சூலை முதல் இவ்வழியைக் கைக்கொண்டது. அங்குப் பத்து நாள் நுகர்வுக்கு மேற்படாத அளவு வைத்திருப்பவன் குற்றமன்றத்திற்கு அனுப்பப்படுவதில்லை. ஓர் அறிவுரைக் குழுவின்முன் நிறுத்தப்பட்டு மருத்துவத்திற்கு ஆற்றுப்படுத்தப்படுகின்றான். விற்பதும் கடத்துவதும் குற்றமாகவே நீடிக்கின்றன. ஊசிவழிப் பரவிய எய்ட்சுத் தொற்று அந் நாட்டில் மிகப்பெரிய அளவில் குறைந்தது. மிகையுட்கொண்டு இறப்போர் எண்ணிக்கை மேலை ஐரோப்பாவிலேயே மிகக் குறைவான நாடுகளுள் அது ஒன்றாயிற்று. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலமும் 2021இல் அதே வழியில் நடக்க முனைந்து, 2024 செப்தம்பரில் பின்வாங்கியது. ஏன்? போர்த்துக்கல் சிறைக் கதவைத் திறக்கும் முன்னரே மருத்துவக் கதவைத் திறந்து வைத்தது. ஒரிகனோ சிறைக் கதவைத் திறந்துவிட்டு, மருத்துவமனைக்கு அடிக்கல் தேடிக்கொண்டிருந்தது. அவ்வேளையிற்றான் பெந்தனிலும் வந்து புகுந்தது. சட்டத்தைத் தளர்த்துவது ஒரு நாள் வேலை. மாந்தனை மீட்பது பல்லாண்டுப் பணி. போர்த்துக்கலிலுங்கூட, அப் பணிக்குரிய பணம் பிற்காலத்தில் சுருங்கியபொழுது, சிக்கல் மீண்டும் தலைகாட்டியது என்பதையும் மறைத்தல் கூடாது.

இவ் வழக்காடல் தமிழர்க்குத் தொலைவானதன்று. சிங்கப்பூர்ச் சட்டப்படி, 15 கிராமுக்கு மேல் எரோயினோ 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ கடத்தினால் தூக்கு. 2022 ஏப்பிரலில், 43 கிராமுக்கும் குறைவான எரோயினைத் தொடையில் கட்டிச் சென்ற மலேசியத் தமிழர் ஒருவர் அங்குத் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டபொழுது அவர் இளைஞர். அவரது அறிவுத்திறன் அளவு 69 என மருத்துவச் சான்று இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர், ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சாவைக் கடத்தத் துணைநின்றார் என்பதற்காகத் தூக்கிலேறினார். அக் கஞ்சா அவர் கையிற் பிடிபடவில்லை. காவலர் வாக்குமூலம் வாங்கியபொழுது தமிழ் மொழிபெயர்ப்பாளர் தமக்குத் தரப்படவில்லை என்று அவர் முறையிட்டார். வழக்குமன்றம் அம் முறையீட்டை ஏற்கவில்லை. தன் உயிர் தொங்கும் வழக்கில் தன் தாய்மொழியில் பேசுதற்கும் ஒருவன் மன்றாட வேண்டியுள்ளதெனில், அவ் வழக்கின் தீர்ப்பை நயன்மை என்று எவ்வாறு அழைப்பது? இலங்கையில், 2011இல் பிடிக்கப்பட்ட இராமேசுவரம் பகுதி மீனவர் ஐவர்க்கு எரோயின் கடத்தியதாக 2014 அக்தோபர் 30ஆம் நாள் தூக்கு விதிக்கப்பட்டது. தமிழகம் கொதித்தெழுந்தபின், அடுத்த திங்களிலேயே அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஒரு கையெழுத்தில் போகவிருந்த உயிர்கள் ஒரு கையெழுத்தில் மீண்டன. இத்தகைய ஒறுப்பில் உறுதி எங்கே? முறை எங்கே?

செய்ய வேண்டுவன தெளிவானவை. அடிமைப்பட்டவனுக்கு மருத்துவமும் மறுவாழ்வும் முதலில் வேண்டும். செடி விளைக்கும் உழவனுக்கு மாற்றுப்பயிரும் அதற்குரிய விலையும் வேண்டும். சுமைகாரனைத் தூக்கிலிட்டுவிட்டுக் கோப்பை மூடும் பழக்கம் ஒழிதல் வேண்டும். அவனை அனுப்பியவனைத் தேடும் உழைப்பு அதன் இடத்தில் வருதல் வேண்டும். நச்சுப் பணத்தை வெளுக்கும் வைப்பகத்தின் தலைவர், தண்டத்தோடு தப்பாமல் சிறைக்கும் செல்லுதல் வேண்டும். சுடுகலனை எல்லை தாண்டவிடும் நாடு, நஞ்சு எல்லை தாண்டுவதைப் பற்றிப் பேசும் தகுதியைத் தானே இழக்கின்றது என்பதை உலக மன்றங்கள் வெளிப்படையாக உரைத்தல் வேண்டும்.

வேரை விட்டு இலையைக் கிள்ளுவோர், ஒவ்வொரு பருவத்திலும் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந் நச்சுமரத்தின் வேர் மெக்சிகோவின் மலைச்சரிவில் இல்லை; சிங்கப்பூர்ச் சிறையில் நடுங்கி நின்ற ஏழை இளைஞனின் தொடைக்கட்டிலும் இல்லை. நூற்றெண்பது ஆண்டுகட்கு முன் சீனக் கரையில் இறக்கப்பட்ட அபினிப் பெட்டியில் அது எங்கிருந்ததோ, அங்கேயேதான் இன்றும் இருக்கின்றது: பிறர் மயக்கத்தில் தன் பெட்டியை நிரப்பிக்கொள்ளும் பணவெறியில்! அவ் வேரை அறுக்கத் துணியாத அரசுகள், எத்துணைத் தூக்குமரங்களை நட்டாலும், அவற்றில் தொங்கப்போவோர் ஏழையரே. அவற்றின் நிழலில் இளைப்பாறப்போவோர் அம் முதலாளிகளே!